கழற்றிய சட்டை

பிழைக்க வந்த சிஞ்ச்வட் நகரில் லேத் பட்டறை, மூன்று மாடி வீடு, மகள்கள் இருவருக்கும் இன்ஜினியர் படிப்பு எல்லாம் நாலாம் வகுப்பு தாண்டாத நான் உண்டாக்கியவை. நேற்று இங்கே கேம்ப் என்கிற பகுதியில் நடந்த ஒரு புகைப்படக் கண்காட்சியில், சட்டையில்லாமல் நிற்கும் சிறுவனாக என்னையே பார்த்தேன். கீழே ‘ஏழைச் சிறுவன்’ என்றும், எடுத்தவர் பெயரும் போட்டிருந்தார்கள்.

அவர் எங்கள் ஊருக்குப் படமெடுக்க வந்த அன்று, அம்மா எனக்கு எண்ணெய் வைத்துத் தலைவாரி, முகமெல்லாம் பவுடர் அப்பி, பொங்கல் சட்டையை மாட்டி நிறுத்தினாள். பவுடரும் புதுத்துணியும் கலந்த அந்த வாசனை இன்னும் மூக்கில் நிற்கிறது.

“பவுடரத் துடைச்சிட்டு, சட்டையக் கழட்டிடுங்கம்மா” என்றார்.

“ஏன் சார், சட்டை போட்டா எம்புள்ள படத்துல விழமாட்டானா?”

அவர் சிரித்துக்கொண்டே என் பொத்தான்களைத் தானே அவிழ்த்தார். அம்மா முகம் கறுத்துப்போனது.

கண்காட்சிக்காரர்களுக்குச் சொல்கிறேன். அந்தப் படத்தின் கீழ் என் பெயரைப் போடுங்கள். சட்டை போட்டு நிறுத்தியவள் என் அம்மா, கழற்றியவர் அவர் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.