பெத்தேரோ கோப்பியைத் தொடவில்லை

இருபது வருடம் கூட்டக் குறிப்பு எழுதினேன். அதில் பிழை பிடிபட்டது ஒரே ஒரு தடவைதான். பிடித்தவர் அந்தக் கூட்டத்துக்கே வராத ஒருவர்: என் மனைவி ராணி. சங்கங்களில் புதிதாகச் செயலாளர் வேலைக்கு வரும் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். எனக்கு வெட்கமான கதைதான், ஆனாலும் சொல்லத்தான் வேண்டும்.

1. வானும் சாவியும்

ஹம்பேர்க் துறைமுகத்தில் கப்பலால் இறங்கும் மாலுமிகள் வந்து தங்கிப் போகும் விடுதி ஒன்று. அதை நடத்தியது ஒரு சங்கம். தொலைபேசி அட்டை விற்பதிலிருந்து நிர்வாகக் குழுவின் கூட்டக் குறிப்பான புரோட்டோகோல் எழுதுவது வரை எல்லாம் என் தலையில்தான். ஜேர்மனியில் புரோட்டோகோல் என்றால் சும்மா குறிப்பில்லை. அதில் ஏறியது நடந்தது, ஏறாதது நடக்கவில்லை. என் குறிப்பு சுத்தமாயிருக்கும் என்று எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது.

எங்களிடம் வந்தவர்களில் நிறையப் பேர் கிரிபாட்டித் தீவுக்காரர். பசிபிக் கடலின் நடுவில் கிடக்கும் அந்தத் தீவுகளிலிருந்து ஜேர்மன் கப்பல்களுக்குத் தலைமுறையாக ஆள் எடுக்கிறார்கள். அதனால் அவர்களில் ஒருவரையும் நிர்வாகக் குழுவில் சேர்த்திருந்தோம். அவர்தான் பெத்தேரோ. கப்பலில் கால் உடைந்து, பார்த்த தாதியையே கலியாணம் கட்டி ஹம்பேர்க்கில் நின்றுவிட்டவர். கூட்டத்துக்கு எல்லாருக்கும் முதல் வந்து கதிரை அடுக்குவார், கோப்பி போடுவார், பிறகு வாய் திறக்காமல் இருப்பார். இப்படி ஒரு ஆள் குழுவுக்கு எதற்கு என்று நானே ராணியிடம் சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

மாலுமிகளை ஏற்றி இறக்கும் விடுதி வானின் சாரதி இயோவானேயும் அதே தீவுக்காரர். இரண்டாயிரத்து ஐந்து, ஆறு அளவில் ஒரு நாள், சொந்தக்கார மாலுமி ஒருவன் கேட்டான் என்று வான் சாவியைத் தூக்கிக் கொடுத்துவிட்டார். அவன் கொள்கலன் முனையத்தின் தூணில் கொண்டுபோய் இடித்தான். காயம் ஒருவருக்கும் இல்லை. வானின் கதவு உள்ளே போய்விட்டது.

குழு கூடியது. தலைவி கெஸ்லர் அம்மா, ஜேர்மன் மரியாதைப்படி ஃபிராவ் கெஸ்லர், கப்பல் வழக்குகள் பேசி ஓய்வு பெற்ற சட்டத்தரணி. ஓய்வு பெற்ற கப்டன் ஒருவர்தான் ஆகக் கடுமையாக நின்றார். நாளைக்கு ஆள் செத்தால் யார் பொறுப்பு என்று கேட்டார். நியாயமான கேள்விதான். மற்ற இருவரும் தலையாட்டினார்கள். இயோவானேயை வேலையால் நிறுத்துவது என்று பிரேரணை வந்தது.

"எதிர்ப்பு உண்டோ? நடுநிலை உண்டோ? இல்லை. சரி, ஏகமனது" என்றார் ஃபிராவ் கெஸ்லர். நானும் ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது என்று எழுதினேன். அதை எழுத ஒரு நிமிடமும் எடுக்கவில்லை.

இயோவானேயின் விசா அந்த வேலையோடு கட்டியிருந்தது. வேலை போனால் ஆளும் போகவேண்டியதுதான். ஒரு காலத்தில் விசாக் கந்தோர் வாசலில் நின்று நடுங்கியவன் நான். எனக்கு அது தெரியாமலில்லை. ஆனால் குறிப்பெழுதுகிறவனுக்கு வாக்கு இல்லை என்று சொல்லிப் பேனையை மூடினேன். என் கையெழுத்தோடு குறிப்பு தலைவியிடம் போனால்தான் வேலைநீக்கக் கடிதம் போகும். வெள்ளிக்கிழமைக்குள் போகவேண்டும் என்றார்கள். குறிப்பைப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

2. ராணி கேட்டது

சாப்பிடும்போது ராணியிடம் நடந்ததைச் சொன்னேன். பெத்தேரோவைப் பகிடி பண்ணத்தான் தொடங்கினேன். தன் ஊர்க்காரனின் வேலை போகிறது, மனிசன் கதிரையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு நிலத்தைப் பார்த்தபடி இருந்தார், தான் போட்ட கோப்பியைத் தானே தொடவில்லை என்றேன்.

ராணி கரண்டியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"கோப்பி தொடேல்லையோ? அப்ப அவருக்கு விருப்பமில்லை. இது விளங்காமல் நீங்கள் என்னத்தை எழுதினீங்கள்?"

மனவருத்தமென்றால் ஒரு வீட்டில் தண்ணி வெந்நி தொடாமல் எழும்பிப் போகிற ஊரில் பிறந்தவன் நான். கலியாணப் பேச்சில் பெண்ணின் தகப்பன் ஒன்றும் பேசாமல் பலகாரத் தட்டைத் தள்ளி வைத்தால் அது என்ன பதில் என்று எங்கள் ஆட்களுக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. குழுவின் மேசையில் மட்டும் எனக்குக் கண் தெரியாமல் போய்விட்டது.

அடுத்த நாள் பெத்தேரோவைத் தேடிப் போனேன். அவர் பேசியது ஜேர்மனில்தான், என் நினைவில் அது தமிழாகவே கிடக்கிறது.

"நான் ஒரு மணித்தியாலமா வேண்டாம் எண்டுதான் சொல்லிக்கொண்டிருந்தனான். நீங்கள் எல்லாரும் பாத்துக்கொண்டுதானே இருந்தனீங்கள்?" என்றார்.

வாயால் சொல்லியிருக்கலாமே என்றேன்.

"அவன் என்ர ஆள். என்ர ஆளுக்காக நான் முந்திக்கொண்டு பேசக்கூடாது. மற்றவை என்னைக் கேக்கவேணும். ஒருத்தரும் கேக்கேல்லை."

அவர்களுடைய ஊரில் மனியாபா என்று ஒரு பெரிய கூரை மண்டபம் இருக்கிறதாம். ஒவ்வொரு குடும்பத்துக்கும் அதில் ஓரிடம். எல்லாரும் பேசி முடியும்வரை எழும்பமாட்டார்கள். ஒருவர் முகம் சரியில்லையென்றால் விஷயம் முடியவில்லை என்று அர்த்தம். பெரியவரை எல்லார் முன்னாலும் மறுத்துக் கை உயர்த்துவது அங்கே மரியாதையில்லை. ஃபிராவ் கெஸ்லர் அவரிலும் மூத்தவர்.

3. எண்ணாத கைகள்

வியாழக்கிழமை ஃபிராவ் கெஸ்லரின் அறைக்குப் போனேன். குறிப்பில் பிழை, கையெழுத்து வைக்க ஏலாது என்றேன்.

எதிர்த்தது யார் என்று கேட்டார். ஒருவருமில்லை, ஆனால் ஓமென்று எத்தனை கை எழும்பியது என்று நாங்கள் எண்ணவில்லை என்றேன். பெத்தேரோ சொன்னதையும் சொன்னேன். என் வேலையும் போகப் போகிறது என்றுதான் நினைத்தேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"ஒருத்தர் பேசாமல் இருந்தால் அவர் ஓம் எண்டு சொன்னதா எங்கட சட்டமும் எடுக்காது, ஹெர் சிவா. வாழ்க்கை முழுக்க நீதிமன்றத்தில இதைச் சொல்லித்தான் வழக்கு வெண்டனான்" என்றார்.

திங்கட்கிழமை குழு திரும்பக் கூடியது. இந்தத் தடவை எதிர்ப்பு உண்டோ என்று அவர் கேட்கவில்லை. ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கேட்டார். பெத்தேரோ தன்னைக் கடைசியில் கேட்கச் சொன்னார். அவருடைய முறை வந்ததும் எழும்பிப் போய், வெளியே நின்ற இயோவானேயைக் கூட்டிவந்து பக்கத்தில் இருத்தினார்.

"சொந்தக்காரன் வந்து கேட்டால் எங்கட ஆக்களுக்கு மறுக்க ஏலாது. மறுத்தால் ஊரில அவனுக்கு முகமில்லை. இவனை நிப்பாட்டிப்போட்டு எங்கட ஆளொருத்தனை எடுத்தால் அவனும் குடுப்பான். சாவியைச் சிவாவிட்டக் குடுங்கோ. இல்லை எண்டு சொல்லத்தான் எங்களுக்கு ஏலாது. சாவி என்னட்ட இல்லை எண்டு சொல்ல ஏலும்."

கப்டன் முதலில் முறைத்துப் பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். கப்பலில் சாராய அலுமாரிச் சாவியைத் தானும் இப்படித்தான் வைத்திருந்ததாகச் சொன்னார். இயோவானே எழும்பி மன்னிப்புக் கேட்டார். கதவு திருத்தி வரும்வரை விடுதியின் குளியலறைகளைத் தான் கழுவுவதாகத் தானே சொன்னார், கழுவவும் செய்தார். இயோவானே நிற்கட்டும், சாவி என்னிடம் இருக்கட்டும் என்பதற்கு ஐந்து கை எழும்பியது. நான் இரண்டு தரம் எண்ணினேன். பெத்தேரோ ஆறிப்போன கோப்பியை ஒரே மூச்சில் குடித்தார்.

அன்றிலிருந்து வான் சாவி என் இடுப்பில். கேட்டு வந்தவர்களுக்கெல்லாம் இல்லை என்று சொல்ல கையிறுக்கத்துக்குப் பேர்போன யாழ்ப்பாணத்தான் எனக்கு ஒரு கஷ்டமும் இருக்கவில்லை.

4. என் கோப்பை

சில வருடம் கழித்து ஃபிராவ் கெஸ்லர் விலக, பெத்தேரோ தலைவரானார். தலைவரான பிறகும் கதிரை அடுக்குவதை விடவில்லை. அவர் பேசாமலிருந்தே குழுவை நடத்துகிறார் என்று கப்டன் சொல்வார். எனக்கும் அது அப்போதுதான் விளங்கியது.

ஒரு கூட்டத்தில், ஞாயிறும் அலுவலகத்தைத் திறக்கவேண்டும் என்ற பேச்சு வந்தது. கப்பல்கள் ஞாயிறென்று பார்ப்பதில்லை, தேவையான விஷயந்தான். ஒவ்வொருவராகக் கேட்டார், எல்லாரும் ஓம் என்றார்கள். நான் ஏகமனதாக என்று எழுதப் பேனையைத் தாளில் வைத்தேன்.

"பொறுங்கோ சிவா. உங்கட கோப்பி ஆறிப்போச்சு" என்றார் பெத்தேரோ.

குனிந்து பார்த்தேன். கோப்பை நிறைய அப்படியே இருந்தது. நான் தொடவில்லை என்பது எனக்கே தெரியாது. அவர் ஒன்றும் கேட்கவில்லை, காத்திருந்தார். மேசையில் எல்லாரும் காத்திருந்தார்கள். கொஞ்சம் கழித்து, ராணி ஆஸ்பத்திரியில் ஆறு நாளும் துப்பரவு வேலை செய்கிறாள், நாங்கள் இரண்டு பேரும் ஒரே மேசையில் இருந்து மத்தியானம் சாப்பிடுவது ஞாயிறு மட்டுந்தான் என்றேன். அத்தனை வருடத்தில் என்னைப் பற்றி அந்த மேசையில் நான் சொன்ன முதல் வசனம் அது.

ஞாயிறு அலுவலகத்தை இயோவானே ஏற்றுக்கொண்டார். வான் சாவி மட்டும் ஞாயிற்றுக்கிழமைகளில் என் வீட்டில் இருந்தது.

பிள்ளைகளே, குறிப்பெழுதும்போது கைகளை எண்ணுங்கள். எண்ணி முடித்தபின் கோப்பைகளையும் ஒருக்கால் பாருங்கள். வாக்கில்லாதவர்களின் கோப்பையையும் பாருங்கள். அன்று அந்த ஞாயிறுத் தீர்மானத்தை எழுதிவிட்டு நான் என் கோப்பியைக் குடித்தேன். ஆறித்தான் போயிருந்தது, ஆனாலும் மிச்சம் வைக்கவில்லை.