மூச்சடக்கிப் பார்ப்பவர்

கார் நிறுத்தும் அடித்தளத்தில், தூணுக்கும் தண்ணீர்க் குழாய்க்கும் நடுவே நிற்கிறார். போனில் சிக்னல் ஒற்றைக் கோடாகச் சுருங்கும் இடம் அதுதான். கையில் இருப்பதோ கண்ணாடியில் கீறல் விழுந்த பழைய போன். வாடிக்கையாளர் ஒருவரின் இணையதள முகவரியைத் தட்டிவிட்டு மூச்சை அடக்கிக்கொள்கிறார். பக்கம் திறப்பதற்குள் மூச்சு முட்டிவிட்டால் அந்தத் தளம் தேறவில்லை என்று அர்த்தம். வேகத்தை அளக்க மேலே அலுவலகத்தில் நல்ல கருவிகள் இருக்கின்றன, அவற்றையும் பார்ப்பார். ஆனால் நுரையீரல் ஒப்புதல் கொடுத்தால்தான் மனிதருக்குத் திருப்தி.

அலுவலகத்தில் அவருக்கு நாங்கள் வைத்த பெயர் நிதானம். இணையதளங்களை வேகமாகத் திறக்கவைப்பது அவர் வேலை. அவருடைய சாப்பாட்டு டப்பா திறப்பதற்குள் எனக்குப் பசி அடங்கிவிடும். கூட்டத்தில் ஒரு கேள்வி கேட்டால், அடுத்த கேள்வி முடிந்த பிறகுதான் முதல் கேள்விக்குப் பதில் வரும். பக்கத்து நாற்காலிக்காரன் என்ற முறையில் நான் பல தடவை பல்லைக் கடித்திருக்கிறேன். அதே மனிதர், வெள்ளைத் திரையில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தால் துடித்துப்போவார்.

"பழைய போனைத் தூக்கிப் போடுங்க சார்" என்று யாராவது கேலி செய்தால், "உங்க போன்ல எல்லாமே நல்லாத்தான் வரும். வர்றவன் போன்ல வரணும்ல" என்பார். பெரிய பெரிய படங்களை ஏற்றிவைத்திருக்கும் வாடிக்கையாளரிடம், "பீரோவ சைக்கிள்ல வெச்சு அனுப்பியிருக்கீங்க" என்பார். தேடலில் ஏன் மேலே வரவில்லை என்று கேட்பவர்களுக்கும் ஒரே பதில்தான். "சரக்கு நல்லா இருக்கணும், அதான் முதல்ல. ரெண்டு பேர்கிட்டயும் சரக்கு ஒண்ணுபோல இருந்தா, சீக்கிரம் கதவத் திறக்கிறவனுக்கு முன்வரிசை."

அவர் பாச்சா பலிக்காத ஒரே ஆள் அவருடைய அக்காவின் கணவர். பூட்டுத் திறப்பவர். சாவியைத் தொலைத்துவிட்டு வாசலில் நிற்பவர்கள் போனில் தேடிக் கூப்பிடுவதுதான் அவர் பிழைப்பு. முன்பெல்லாம் தேடினால் அவர் கடை முதல் பக்கத்தில் வரும். போன வருடம் ஆசை ஆசையாக ஒரு வீடியோ எடுத்துத் தளத்தின் தலையில் வைத்தார். கடையின் ஷட்டர் மெல்ல மேலே ஏறும். உள்ளிருந்து அவர் கருவிப் பையோடு நடந்து வருவார். அது முழுசாக வந்து இறங்கிய பிறகுதான் தொலைபேசி எண்ணே கண்ணில் படும். கடை கொஞ்சம் கொஞ்சமாக இரண்டாம் பக்கத்துக்கு நழுவியது. அழைப்புகள் குறைந்து, கடையை மூடிவிட்டு யாரிடமாவது வேலைக்குப் போகலாமா என்ற பேச்சு வீட்டில் எழுந்துவிட்டது.

நிதானம் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். "என் போன்ல பட்டுன்னு வருதே மாப்ளே" என்பார் மாமா. அது பொய்யில்லை. தினமும் கடையைத் திறந்த கையோடு தளத்தையும் ஒருமுறை திறந்து பார்ப்பது மாமாவின் வழக்கம். ஏற்கெனவே பார்த்த பக்கத்தை அவர் போன் உள்ளேயே பத்திரப்படுத்தி வைத்திருக்கும், கேட்டதும் எடுத்து நீட்டிவிடும். முதல்முறை வருகிற அந்நியருக்கு அந்தச் சலுகை கிடையாது. அக்காவும் கைவிரித்துவிட்டார். "அத எடுக்கச் சொல்லி என்னால கேட்க முடியாதுடா. அந்த வீடியோவுக்காக மனுஷன் புதுச்சட்டை தச்சாரு."

போன வாரம் எங்கள் அலுவலகக் கதவு ஒன்றின் பூட்டு மக்கர் செய்தது. நிதானம் மாமாவை வரவழைத்தார். மாமா கம்பியை நுழைத்து ஒரு திருகு திருகியதும் கதவு சொன்னபடி கேட்டது. வழியனுப்பும் சாக்கில் நிதானம் அவரை அடித்தளத்துக்கு அழைத்துப்போனார். வேடிக்கை பார்க்க நானும் ஒட்டிக்கொண்டேன். பழைய போன் சேமித்து வைத்திருந்ததையெல்லாம் அழித்துவிட்டு, பூட்டுத் திறப்பவர் என்று தேடி, இரண்டாம் பக்கத்தில் கிடந்த கடைப் பெயரைக் காட்டி மாமா கையில் கொடுத்தார்.

"மாமா, கைக்குழந்தையோட ஊர்லேருந்து வந்து இறங்கியிருக்கீங்க. சாவியக் காணோம். படிக்கட்டுல நிக்கிறீங்க. மூச்ச அடக்கிக்கிட்டு அதத் தொடுங்க."

"இதென்னடா விளையாட்டு" என்று சிரித்தபடியே மாமா தொட்டார். கன்னத்தை உப்பிக்கொண்டார்.

வெள்ளைத் திரை. வட்டம் சுற்றியது. ரொம்ப நேரம் கழித்துக் கறுப்பாக ஒரு கட்டம் வந்தது. அதில் ஷட்டரின் கீழ் விளிம்பு மட்டும் தெரிந்து அப்படியே நின்றது. மாமாவின் முகத்தில் சிரிப்பு போய்விட்டது. எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. நிதானம் திரையைக்கூடப் பார்க்கவில்லை, மாமாவின் விரலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

புஸ்ஸென்று மூச்சு வெளியே வந்தது. மாமாவின் கட்டைவிரல் தானாகப் போய், வந்த வழியே திரும்பும் பொத்தானை அழுத்தியது. பிறகு பட்டியலில் அடுத்திருந்த கடையின் பெயருக்கு மேல் வந்து நின்றது.