மகள் பெயர் போட்ட பாக்கெட்

துணி துவைக்கும் பவுடர் செய்து விற்கிறேன். வீட்டு மொட்டை மாடியில் சோடாவையும் உப்பையும் இன்னும் சிலதையும் கலந்து, சலித்து, தும்மி, பாக்கெட் போட்டு, ஸ்கூட்டரில் கட்டிக்கொண்டு போய் ஆரப்பாளையம் கடைகளில் கொடுப்பேன். பாக்கெட்டின் மேல் என் மகளின் பெயர், சிவப்பில், அரைப் பார்வைக்காரரும் படிக்கிற அளவுக்குப் பெரிதாக இருக்கும். ஆனால் முழுப் பார்வை உள்ளவர்கள்கூடப் படிப்பதில்லை.

"அண்ணாச்சி, விலை கம்மியா ஒரு சர்ஃப் குடுங்க" என்பார்கள். எந்தப் பவுடருக்கும் அந்தப் பெரிய கம்பெனியின் பெயர்தான். கடைக்கார அண்ணாச்சி என் பாக்கெட்டை எடுத்து நீட்டுவார். வாங்கியவர் திருப்பிக்கூடப் பார்க்காமல் பையில் போட்டுக்கொண்டு போவார். அண்ணாச்சியிடம் குறைபட்டுக்கொண்டால், "சரக்கு போகுதுல்ல தங்கச்சி, பேரு எதுவா இருந்தா என்ன?" என்பார். அவருக்கு என்ன, சொல்லிவிடலாம். வீட்டில் எட்டாவது படிக்கிறவள் தினமும் கேட்பாள்: "இன்னைக்காவது யாராச்சும் எம் பேரச் சொல்லி வாங்குனாகளாம்மா?"

சோழவந்தானில் இருக்கும் நாத்தனாருக்கு நானே இரண்டு பாக்கெட் கொடுத்திருந்தேன். அடுத்த முறை போனபோது, "இந்த சர்ஃப் எம்புட்டு நல்லா அழுக்கு எடுக்குது தெரியுமா மதினி" என்று டப்பாவைத் திறந்து என்னிடமே காட்டினாள். நான் கொடுத்த பவுடர்தான். மாடி வெயிலில் நொந்துபோகிறவள் நான், நோகாமல் நுங்கு தின்கிறது சர்ஃப் என்கிற பெயர். "ஆமா ஆமா" என்று காபியைக் குடித்துவிட்டு வந்தேன்.

போன மாதம் அண்ணாச்சி கடையில் சரக்கு இறக்கிக்கொண்டிருந்தேன். அடிக்கடி அங்கே பார்க்கிற அம்மா ஒருவர் வந்தார். என் மகளின் பெயரை ஓர் எழுத்துகூடப் பிசகாமல் சொல்லி, "இந்தப் பவுடரப் போட்டு எங்க வீட்டுக்காரரு வேட்டி ஆன கதியப் பாருங்க" என்று விரித்தார். வெள்ளை வேட்டி முழுக்க ரோஸ் நிறம்.

"கூட என்னக்கா ஊறப் போட்டீக?" என்றேன்.

"புதுச் சுங்குடிச் சேல. அதுக்கென்ன?"

புதுச் சுங்குடி சாயம் விடும், முதல் தடவை கல்லுப்புப் போட்டுத் தனியாக ஊறவைக்க வேண்டும் என்பது மதுரையில் குடியிருக்கிற யாருக்கும் தெரியும். அதைச் சொன்னேன்.

"இம்புட்டு நாளா சர்ஃப்தான் போட்டேன். ஒரு நாளும் இப்பிடி ஆகல" என்றார்.

இம்புட்டு நாளும் அவர் சர்ஃப் என்று கேட்டு வாங்கிப்போனது என் பவுடர்தான். எடுத்துக் கொடுத்த அண்ணாச்சிக்கு அது தெரியும். அவர் தராசுத் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு மூட்டையை அங்கேயே கொட்டியிருப்பேன். நாளைக்கும் அதே கடைக்குத்தான் போக வேண்டும் என்பதால் மீதிச் சரக்கையும் இறக்கிவைத்துவிட்டு வண்டியை எடுத்தேன்.

வீட்டு வாசலிலேயே மகள் பிடித்துக்கொண்டாள். "யாராச்சும் எம் பேரச் சொன்னாகளா?"

"சொன்னாகடி. கடையே திரும்பிப் பாக்குற மாதிரி சொன்னாக."

அவள் முகம் முழுக்கச் சிரிப்பு. "யாரும்மா? என்ன சொன்னாக?" என்று பின்னாலேயே வந்தாள். சலிக்கிற வேலை கிடக்கிறது என்று சொல்லி மாடிக்கு ஏறிவிட்டேன்.