கருத்தம்மாவின் வலப்பக்க மூச்சு

ராசிங்காபுரத்துக் கருத்தம்மா ஏலக்காய் பறிக்க மலையேறத் தொடங்கியது கூலிக்காக அல்ல. ஒரே மகள் காய்ச்சலில் போன பிறகு, அந்த வீட்டுக்குள் பகலைக் கழிக்க அவளால் முடியவில்லை. விடியுமுன் வரும் ஜீப்பில் பெண்களோடு நெருக்கியடித்து உட்கார்ந்தால் பேச்சும் கேலியுமாக இருக்கும். மேலே போனால் செடியின் அடியில் குனிந்து, விளைந்த காயாகப் பார்த்துப் பறிக்கிற வேலை. கண்ணும் மனசும் அதிலேயே இருக்கும். அழுவதற்கு நேரம் கிடைக்காது.

ஐப்பசி மழையில் சரிவில் வழுக்கி, வலது விலா பாறையில் மோத விழுந்தாள். அன்று மாலை அவள் கணவர் பெரியகருப்பன், காயைப் போட்டுக்கொள்ள இடுப்பில் கட்டும் சாக்குத் துணியை எடுத்து அவள் நெஞ்சைச் சுற்றி இறுக்கிக் கட்டினார். ஆட்டுக்கால் ஒடிந்தால் அவர் அப்படித்தான் கட்டுவார்; எலும்பு கூடிவிடும். கட்டு இறுகியதும் வலி அடங்கியது. மறுநாளே அவள் ஜீப்பில் ஏறிவிட்டாள். கட்டு தளரும்போதெல்லாம் அவரே மறுபடி இறுக்கினார்.

விலாவை அசையவிடாத கட்டு நுரையீரலையும் விரியவிடவில்லை. வலிக்குப் பயந்து இருமலை அடக்கினாள். சளி உள்ளேயே தேங்கியது. காய்ச்சல் கண்டு ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது, வலது நுரையீரலின் அடிப்பகுதி காற்றில்லாமல் சுருங்கிக் கிடந்தது.

அங்கே மூச்சுப் பயிற்சி கொடுக்க வந்தவள் பிசியோதெரபிஸ்ட் பவதாரணி. மகள் இருந்திருந்தால் அந்த வயதுதான் இருக்கும். இப்படிக் கட்டியது யார் என்று அவள் கேட்டாள்.

"நானேதாம்மா கட்டிக்கிட்டேன்" என்றாள் கருத்தம்மா. பக்கத்தில் நின்ற பெரியகருப்பன் தலை கவிழ்ந்தார்.

தலையணையை விலாவோடு அணைத்துக்கொண்டு இருமச் சொன்னாள் பவதாரணி. மூன்று பந்துகள் உள்ள ஒரு கருவியைக் கொடுத்து, குழாய் வழியாக மெதுவாக மூச்சை இழுக்கச் சொன்னாள். ஒரு பந்து மட்டும் எழும்பி, நடுங்கி, விழுந்தது. பிறகு பெரியகருப்பனைக் கூப்பிட்டாள். அவர் மனைவியின் வலது விலாவின் கீழ்ப்பக்கம் உள்ளங்கையை வைக்க வேண்டும். அந்தக் கையை வெளியே தள்ளுவதுபோல் கருத்தம்மா மூச்சை இழுத்து, சற்றுப் பிடித்து, விட வேண்டும்.

அவருக்குக் கை எழவில்லை. "இந்தக் கைதானே தாயி கட்டுச்சு" என்று உடைந்தார்.

"வைங்க. உங்க கைக்குப் பயந்தா இம்புட்டுக் காலம் குடும்பம் நடத்துனேன்?" என்றாள் கருத்தம்மா.

வைத்தார். அவள் மூச்சை இழுத்தும் கை அசையவே இல்லை. வீடு திரும்பிய பிறகும் காலையும் மாலையும் வைத்தார். மார்கழியில் ஒருநாள் கை லேசாக உயர்ந்தது. அன்று அவர் சாப்பிடாமல் உட்கார்ந்து அழுதார்.

தை பிறந்ததும் ஆஸ்பத்திரியில் மறுபடி எக்ஸ்ரே படம் எடுத்துப் பார்த்தார்கள். நுரையீரலைச் சுற்றிய உறை தடித்துப்போயிருந்தது. இனி அது முழுதாக விரியாது என்று பவதாரணி தயங்கித் தயங்கிச் சொன்னாள். பயிற்சியை விடாமல் செய்தால் சமதரையில் நடக்கலாம். மலையேற முடியாது.

மறுநாள் விடியுமுன் ஜீப்பை நிறுத்திவிட்டு டிரைவர் சுருளி வாசலுக்கு வந்தான். அவள் இடத்தை இன்னும் யாருக்கும் கொடுக்கவில்லை, எப்போது வருகிறாள் என்று கேட்டான்.

"காளீஸ்வரி இடம் கேட்டுக்கிட்டு இருந்தாளே, அவளை..." மூச்சு முட்டியது. பேச வாயெடுத்த கணவரைக் கையமர்த்தினாள். மெதுவாக இழுத்து, பிடித்து, விட்டாள். "அவளை ஏத்திக்கப்பா."

ஜீப் போய்விட்டது. கருத்தம்மா வீட்டுக்குள் திரும்பினாள். அப்போதுதான் விடிந்துகொண்டிருந்தது. முழுப் பகலும் மிச்சமிருந்தது.