மழையில் போனவள்

வானொலியில் அந்தப் பாட்டு வந்தாலும் வெர்னாவின் கத்தரிக்கோல் நிற்பதில்லை. நாற்காலியில் உட்கார்ந்திருப்பவள்தான் கண்ணாடி வழியே அவள் முகத்தைப் பார்ப்பாள். "ஆடாத கண்ணு, காது போயிடும்" என்று அந்தத் தலையைத் திருப்பி வைப்பாள் வெர்னா.

கென்டக்கி மலைகளுக்கு நடுவே லாரல் ஃபோர்க் என்ற சுரங்க ஊரில் அவள் கடை. வயது எழுபதை நெருங்குகிறது. ஊரிலுள்ள பெண்களுக்கெல்லாம் முடி வெட்டிச் சுருட்டிவிடுகிறவள், தன் முடியை மட்டும் சமையலறையில் நின்று தானே வெட்டிக்கொள்வாள். எப்போதும் ஒரு பக்கம் கோணலாக இருக்கும்.

பாட்டு கார்லிஸ் ராட்லிஃபுடையது. தேவாலயத்தில் அவளோடு ஜோடியாகப் பாடியவன். கிடாரோடு, பாட்டுகள் பதிவாகும் நகரமான நாஷ்வில்லுக்குப் போனான். முதல் பாட்டிலேயே நாடு முழுக்கத் தெரிந்தவனாகிவிட்டான். 'மழையிலே போனாளே, என் வெர்னா போனாளே' என்று லாரி ஓட்டுகிறவர்கள்கூட உருகினார்கள். உண்மையில் போனது அவன்தான். நிலக்கரித் தூசியில் நெஞ்சு கெட்டுப்போன அப்பாவை விட்டுவர முடியாமல், அவன் ஏறிய பஸ்ஸைப் பார்த்தபடி மழையில் நனைந்து நின்றவள் வெர்னா.

அதை யார் நம்பினார்கள்? ஒஹாயோவிலிருந்தெல்லாம் அவளைப் பார்க்க ஆட்கள் வந்தார்கள். "அப்படிப்பட்ட மனுஷன விட்டுட்டுப் போக எப்படிம்மா மனசு வந்துச்சு?" என்று கண் கலங்கிய ஒருவரை உட்கார வைத்து, முடி வெட்டி அனுப்பினாள். பிறகு அவள் கட்டிக்கொண்ட எல்டனுக்கு உண்மை தெரியும். அவள் கோபமாக இருக்கும் நாளாகப் பார்த்து அந்தப் பாட்டைச் சீட்டியடிப்பான். மாமியார்தான் கடைசிவரை மசியவில்லை. "ரேடியோவுல வந்துச்சே, பொய்யா இருக்குமாங்கும் கெழவி" என்று சொல்லிச் சிரிக்கிறாள் வெர்னா.

பாட்டு வந்த புதிதில் கார்லிஸ் ஒருமுறை தொலைபேசியில் பேசினான். ஏன் அப்படி எழுதினாய் என்று கேட்டாள். "நீ போனன்னு பாடினா ஜனங்க அழறாங்க, வெர்னா. நான் போனேன்னு பாடினா எவன் கேப்பான்?" என்றான். அப்போது அவளுக்குக் கோபம் வரவில்லை. அப்புறம், பாத்திரம் கழுவும்போதுதான் வந்தது. அது தணிய வெகுகாலம் ஆயிற்று.

போன இலையுதிர்காலத்தில் ஊர்ச் சந்தைத் திருவிழாவுக்கு அவன் பாட வந்தான். இடுப்பு ஒடிந்து தேறியவன். முக்காலியில் உட்கார்ந்துதான் பாடினான். கூட்டத்தின் முன்வரிசையில் வெர்னா. அந்த வரி வந்தபோது அவளையே பார்த்துக்கொண்டு, 'மழையிலே போனேனே' என்று மாற்றிப் பாடினான். ஆனால் நாற்பது வருடமாகப் பாட்டை மனப்பாடமாக வைத்திருந்த கூட்டம், எழுந்து நின்று பழைய வரியையே முழங்கியது. அவன் குரல் அதில் அமுங்கிப்போயிற்று. அவன் உதடுகள் அசைந்ததைக் கண்டவள் அவள் ஒருத்திதான்.

கார்லிஸ் தவித்துப்போய் மறுபடி வாயெடுத்தான். வெர்னா அவனைப் பார்த்து, வேண்டாம் என்று மெல்லத் தலையசைத்தாள். பிறகு எழுந்து நின்று, ஊரோடு சேர்ந்து தானும் 'போனாளே' என்று பாடினாள்.