எந்த ஜீப் வேண்டாம்?

காப்பிப் பழம் பறிக்க ஆட்களை ஏற்றிவரும் நான்கு ஜீப்புகளில் ஒன்றைக் குறைக்க முடியுமா என்று பார்க்கச் சொன்னார் மேனேஜர். எஸ்டேட் ஆபீசில் எக்செல் தெரிந்தவள் நான் ஒருத்திதான். வினை அப்படித்தான் வந்து சேர்ந்தது. எந்த ஊரில் யார் யார், தோட்டத்தின் எந்தப் பகுதிக்கு எத்தனை பேர் வேண்டும், ஒரு வண்டியில் எத்தனை பேர் உட்காரலாம் என்று எல்லாவற்றையும் கட்டங்களில் நிரப்பி, எக்செலிலேயே கணக்குப் போட்டு விடை சொல்லும் சால்வரை ஓடவிட்டேன். ஓட வேண்டிய வண்டிக்கு ஒன்று, வேண்டாத வண்டிக்குப் பூஜ்யம் என்று அது சொல்லும்.

வெள்ளக்கடை ஜீப்புக்குப் பூஜ்யம் வந்தது. அதை ஓட்டுவது என் கூடப்பிறந்த அண்ணன்.

மறுபடி ஓடவிட்டேன், அதே பூஜ்யம். அண்ணனுக்கு ஸ்டீயரிங்கை விட்டால் வேறு பிழைப்பு தெரியாது. எங்கோ தப்பு இருக்க வேண்டும் என்று, எந்த வண்டியில் யார் யார் என வரி வரியாகத் துழாவினேன். காலி இடத்தை நிரப்புவதற்காக, பழம் பறிக்க வரும் அம்மாவை ஒரு வண்டியிலும் அண்ணியை இன்னொரு வண்டியிலும் போட்டு, வேறு வேறு பகுதிக்கு அனுப்பியிருந்தது. எங்கள் பக்கம் மாமியாரும் மருமகளும் ஒரே சாக்கில்தான் பழம் கொட்டுவார்கள். எடையும் ஒரே பேரில்தான் விழும். பிரித்தால் வேலைக்கு வராமல் ஊட்டிலேயே உட்கார்ந்துகொள்வார்கள். நான் தலைகளை எண்ணினேனே தவிர சாக்குகளை எண்ணவில்லை.

ஒரே சாக்கில் கொட்டுகிறவர்கள் ஒரே வண்டியில் என்று நிபந்தனை சேர்த்தேன். பொய்யான நிபந்தனை இல்லைதான். ஆனாலும் அண்ணனுக்காகத்தானே தேடினாய் என்று மனசு குடைந்துகொண்டே இருந்தது.

வெள்ளக்கடைக்கு ஒன்று! நாற்காலியிலேயே துள்ளினேன். அண்ணனுக்கு உடனே போன் போட்டேன். வைத்த பிறகுதான் கீழ் வரியைப் பார்த்தேன். பூஜ்யம் எங்கேயும் போய்விடவில்லை, கரடியூர் ஜீப்புக்கு நகர்ந்திருந்தது.

நான் வாக்கப்பட்ட ஊர் கரடியூர். தினமும் அந்த ஜீப்பில்தான் ஆபீசுக்கு வருகிறேன். நிபந்தனையை எடுத்தால் அண்ணன் போவான், வைத்தால் அந்த டிரைவர் போவார். யோசித்துக்கொண்டிருக்கும்போதே மேனேஜர் பின்னால் வந்து நின்று திரையில் புது நிபந்தனையைப் படித்தார்.

"சாக்கு விசயமெல்லாம் சரிதானுங்களே?"

"சரிதானுங்க."

"அப்ப கரடியூர் வண்டிய நிறுத்திரலாமுங்க. நாளைக்கு அவரு வந்ததும் நானே சொல்லிக்கிறேன்."

மறுநாள் காலை ஊட்டு வாசலில் வழக்கமான ஹாரன். பறிக்கும் பெண்களைப் பின்னால் நெருக்கி உட்காரவைத்து, எனக்காக முன்சீட்டின் பனி ஈரத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டிருந்தார் டிரைவர்.

"ஏறுங்க அம்மிணி. உங்கண்ணன் வண்டி தப்பிச்சுதாமுங்களே? நேத்தே போன்ல சொன்னாருங்க. எனக்கு நொம்ப சந்தோசமுங்க, புள்ளகுட்டிக்காரரு."

"ஆமாங்க," என்றேன். ஏறி உட்கார்ந்தேன்.

வளைவுகளில் எனக்குக் குமட்டும் என்பது அவருக்குத் தெரியும். எஸ்டேட் கேட் வரைக்கும் எப்போதும்போல மெதுவாகவே ஓட்டினார்.