பெரிய வெள்ளி, மூன்று மணி

பெரிய வெள்ளிக்கு, இந்த மலாய் நாட்டில், எங்கள் மாநிலத்தில் விடுமுறை கிடையாது. அதை நான் குறையாக நினைத்ததும் இல்லை. ஆஸ்பத்திரியில் நர்சுகள் நாங்களே பேசி வேலையை மாற்றிக்கொள்வோம். என் வார்டிலேயே வேலை செய்பவள், தெமியாங்கில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் தமிழ் முஸ்லிம் வீட்டுப் பெண். அவளுடைய பெருநாளன்று நான் வேலைக்கு வருவேன். என் பெரிய வெள்ளிக்கு அவள் வருவாள். வார்டுக்குத் தலைமை நர்ஸாக இருந்த பழைய சிஸ்டரிடம் சொன்னால் போதும், தலையாட்டிவிடுவார்.

புது சிஸ்டர் வந்தார். அதெல்லாம் போயிற்று. "யார் எப்போ வேலைன்னு நான்தான் சொல்வேன்" என்றார். கெட்டவர் இல்லை. ஆனால் ஒரு நோயாளியின் படுக்கையை ஜன்னல் பக்கம் தள்ளவும் அவரைக் கேட்க வேண்டும். அதே வேலைதான், ரப்பர் தோட்டத்து வீட்டுக்குத் திரும்பும்போது உடம்பில் ஒன்றுமே மிச்சம் இருக்காது.

"வேலைய நிப்பாட்டிடு. என் சம்பளத்துல ஓட்டிக்கலாம்" என்றார், சுங்கை காடுட் தொழிற்சாலைக்குப் போகும் என் வீட்டுக்காரர்.

"பெரிய வெள்ளி முடியட்டும். நிப்பாட்டிடறேன்."

அந்த வருஷம் பெரிய வெள்ளி முஸ்லிம்களின் நோன்பு மாதத்தில் வந்தது. அந்தப் பெண்ணுக்கும் எனக்கும் மதியம் இரண்டிலிருந்து இரவு ஒன்பது வரை வேலை. தோட்டத்துக் கோவிலில் மூன்று மணிக்குச் சிலுவை ஆராதனை. நான் வார்டுக் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"என்னக்கா மூஞ்சி அது? நோன்பு எனக்கா, உங்களுக்கா?"

"எனக்கும் இன்னிக்கு ஒருசந்திதான்."

"ரெண்டு பேரும் பட்டினியா! வார்டு நல்லா ஓடும்லா." சிரித்தவள் குரலைத் தணித்தாள். "நான் தொழப் போறப்ப என் பெட்டெல்லாம் யாரு பாத்துக்கிறா? நீங்கதானே. துணி ரூம்ல ஆளில்ல. போங்கக்கா."

"சிஸ்டரக் கேக்கல..."

"போங்க, நான் இருக்கேன்."

அடுக்கிய விரிப்புகளுக்கு நடுவே முழங்காலில் நின்றேன். ஆண்டவரே என்பதற்கு மேல் வார்த்தை வரவில்லை. கதவு திறந்தது. சிஸ்டர். என்னைப் பார்த்தார், சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போனார். பிறகு, "அடுத்த தடவ சொல்லிட்டுப் போங்க" என்றார். அவ்வளவுதான்.

அவள் நோன்பு திறக்கும் நேரம், அவளுடைய நோயாளிகளையும் நானே பார்த்துக்கொண்டேன்.

வேலை முடிந்து மோட்டார் சைக்கிளில் ஏறும்போது, "வேலைய விட்டு நிக்கிறேன்னு சொல்லிட்டியா?" என்று கேட்டார், கூட்டிப்போக வந்த வீட்டுக்காரர்.

"பெருநாளைக்கு அவளுக்குப் பதிலா ஆள் வேணும்ங்க. நான் வர்றேன்னு நாளைக்கு சிஸ்டரக் கேக்கப்போறேன்."

அவர் ஹெல்மெட்டை நீட்டினார்.